லேபிளுக்கும் பாட்டுக்கும் நடுவே

தங்கை ஜெயித்தவற்றை அக்கா மூச்சுவிடாமல் சொல்வாள். இசைத்தட்டு ஆலையில் பெண் என்றால் உறை போடுகிற மேஜைதான் என்றிருந்த காலத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த வெட்டு அறைக்குள், தட்டில் பாட்டை வெட்டி ஏற்றுகிற இடத்தில், போய் உட்கார்ந்தவள் அவள். "உனக்கெதுக்கும்மா முதுகு சாயுற நாற்காலி, நாளைக்கே கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடப் போறே" என்று நையாண்டி செய்த மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போன அன்றைக்கு, அதே நாற்காலியில் சாய்ந்தபடி கை தட்டியவள். நுரையீரலில் நீர் கோத்து ஒரு மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "இனிமே தூசியில்லாத வேலையாப் பாருங்க" என்ற டாக்டரிடம், "எங்க வெட்டு அறையைவிடத் தூசியில்லாத இடம் உங்க ஆஸ்பத்திரியிலகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு மறுபடி அங்கேயே போனாள். இதை வெட்டினால் எங்கள் ஊசி உடையும் என்று மற்ற ஆலைகள் திருப்பியனுப்பிய டேப்புகளை ஊசி உடையாமல் வெட்டிக் கொடுத்தாள். கழுத்தில் நாய்ச்சங்கிலி மாட்டிக்கொண்டு வந்து "வெட்டுறவர் எங்கே?" என்று அவளிடமே கேட்ட பையன்களை, அடுத்த தடவை "அக்கா இருக்காங்களா?" என்று கேட்க வைத்தாள்.

ஜெயிக்காதது ஒன்று உண்டு. அது லேபிளுக்கும் பாட்டுக்கும் நடுவில், விரல் அகலத்துக்கு மிஞ்சுகிற வெற்று வளையத்தில் இருந்தது.

பாட்டு முதலில் டேப்பில் வரும். வெட்டுகிறவர் அரக்குப் பூசிய ஒரு தட்டைச் சுழலவிட்டு, சூடேற்றிய ஊசியால் அந்தப் பாட்டை ஒரே கோடாக, வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருவார். அதுதான் மூலத்தட்டு. அதிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் கறுப்புத் தட்டுகள். பாட்டு முடிந்தபின் மிஞ்சுகிற வளையத்தில், வெட்டியவர் கூர்முனைப் பேனாவால் தன் பெயரையோ அடையாளத்தையோ கீறி வைப்பார். அந்தத் தொழிலில் எங்கேயும் இதுதான் வழக்கம். மூலத்தில் கீறியது அச்சில் ஏறி, விற்கிற தட்டு அத்தனையிலும் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். உறையில் பாடகன் படம், லேபிளில் கம்பெனி பெயர், வெட்டியவருக்கு அந்த வளையம் மட்டும்.

அந்த ஆலையில் கீறுகிற பேனா ஒன்றே ஒன்றுதான். அது பெரியவரின் சட்டைப்பையில் இருந்தது. பெரியவர் ஆலையின் பங்குதாரர், தலைமை வெட்டுக்காரர். பெயரின் இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்தான் அவர் அடையாளம். சினிமாப் பாட்டு, வாத்தியக் கச்சேரி எல்லாவற்றையும் அவரே வெட்டுவார். பங்க், மெட்டல் என்று தொண்டை கிழியக் கத்துகிற குழுக்களின் டேப் வந்தால் மூக்கைச் சுளிப்பார்.

"இதை நீ பாரு. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு."

அவள் பார்த்தாள். வெட்டி முடித்த தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் அறைக்குப் போவாள். எந்தக் குழு, எப்படி வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பேனாவை எடுப்பார், இரண்டு எழுத்தும் நட்சத்திரமும் கீறுவார், அவ்வளவுதான். ஆலை இழுத்து மூடப்படுகிறவரை அந்த வளையத்தில் அவர் கீறல்தான்.

தான் வெட்டிய ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டயர் கடைக்கு மேலே, அக்காவும் தங்கையும் இருக்கிற இரண்டு அறை வீட்டில், முன்னறை பீரோ முழுக்க அதுதான். அக்காவின் புருஷன் போன பிறகு அவள் இங்கே வந்தபோது, தன் புடவைகளைக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பீரோவில் இடம் கேட்கவில்லை. அக்கா படித்தது ஐந்தாவது வரை. ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டே காலம் தள்ளியவள். மடிப்புக் கலையாமல் எதையும் வைக்கத் தெரியும். ஒவ்வொரு வாரமும் அந்தத் தட்டுகளின் முதுகைத் துடைத்து நிமிர்த்தி வைப்பாள். ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. கேட்டால் தலைவலி வரும் என்பாள்.

பெட்டிக்காரர் வந்தது அப்படியொரு துடைக்கிற நாளில்தான். அக்கா வைத்த பெயர் அது. அந்தக் காலத்துப் பங்க், மெட்டல் தட்டுகளைப் புதிதாக அச்சடித்து, தடி அட்டைப் பெட்டியில் ஒரு தொகுப்பாகப் போடப் போகிறாராம். மூலமும் அச்சும் ஆலையோடு போய்விட்டன. நல்ல பிரதிகள் மொத்தமாக இருக்கிற ஒரே இடம் இந்த வீடுதான் என்று யாரோ சொல்லி வந்திருந்தார். மரியாதையான ஆள். செருப்பை வெளியே விட்டார். தட்டை எடுக்குமுன் கையைத் துடைத்துக்கொண்டார். விளிம்பை மட்டும் தொட்டுப் பிடித்தார். அதிலேயே அக்காவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"எல்லாம் முதல் அச்சா மேடம்?"

"அச்சுல இருந்து இறங்கின சூட்டோட எடுத்தது."

அவர் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் மலர்ந்தது. "பாருங்க, நட்சத்திரம்! பெரியவர் கை. இவ்வளவு சத்தத்தை அந்தக் காலத்துல வேற யாருமே தட்டுல கொண்டு வரல. இந்தப் பெட்டியே அவருக்குச் செய்யற மரியாதைதான் மேடம்."

தேநீரோடு வந்த அக்கா அப்படியே நின்றாள். "அதை வெட்டினது இவ."

"என்னம்மா?"

"வெட்டினது இவ. அவர் கீறினாரு."

பெட்டிக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மேடம் கூட இருந்திருக்காங்கன்னு தெரியும்மா. ஒரு பேட்டியில அவரே சொல்லியிருக்காரு, எனக்கு நல்ல உதவியாள் அமைஞ்சதுன்னு."

தங்கைக்கு வலது காது போய்ப் பல வருஷம் ஆகிறது. இடது காதில் குழாய் கசிகிற மாதிரி ஓயாத இரைச்சல். கூர்மையான ஒலி எதுவும் அதைத் தாண்டி வராது. எதிரில் இருப்பவர் பேசினால் பாதி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். ஆனால் இந்த உதவியாள் என்ற சொல் மட்டும் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"உதவிக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கத் தனியா ஆள் இருந்துச்சு தம்பி" என்றாள். "நான் வெட்டினேன்."

பெட்டிக்காரர் தட்டை உறைக்குள் பத்திரமாகச் செருகினார். "நான் உங்களை நம்பலேன்னு இல்ல மேடம். ஆனா தட்டுல அவர் அடையாளம் இருக்கு. நாளைக்கு அவர் வீட்டுல கேட்டா நான் எதைக் காட்டறது? ஒரு அத்தாட்சி குடுங்க. அட்டை அச்சுக்குப் போகலை இன்னும். சத்தியமா பேரை மாத்திடறேன்."

அவர் படியிறங்கிப் போன பிறகு அக்கா வயிற்றெரிச்சல் தீரத் திட்டினாள். தங்கை பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு இருக்கு. ஆனா எதுன்னு தெரியல."

பெரியவர் கடைசி வருஷங்களில் அடிக்கடி வெளியூரில் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அதற்காகப் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளா? வெற்றுத் தட்டுகளை மேஜையில் அடுக்கி, லேபிள் ஒட்டுகிற இடத்தை ஒட்டி ஒவ்வொன்றிலும் கீறிவிட்டுப் போவார்.

"பாட்டே இல்லாத தட்டுலயா?"

"பாட்டே இல்லாத தட்டுல."

"அடப்பாவி மனுஷா! பிறக்காத பிள்ளைக்கு இனிஷியல் போட்டிருக்காரே!"

"கேளு. சத்தம் அதிகமானா கோடு அகலமாகும். கோடு அகலமானா தட்டுல இடம் போதாது, உள்ளே உள்ளே வரும். அந்தக் குழுவையெல்லாம் நான் நட்சத்திரத்தை இடிக்கிற வரைக்கும் வெட்டியிருக்கேன். ஒண்ணுல மட்டும் அதுமேலயே ஏறிடுச்சு. ஊசி அங்கே வரும்போது டிக்னு கேட்கும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டிக். லென்ஸ்ல பார்த்தா நட்சத்திரத்தைக் கோடு அறுத்துக்கிட்டுப் போயிருக்கும். முதல்ல கீறல், அப்புறம்தான் பாட்டு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

"அப்போ எல்லாத்தையும் எடுத்துக் கண்ணால பார்த்துட்டாப் போச்சு."

"லென்ஸ் வெச்சுப் பார்த்தாலும் சட்டுனு எல்லாமே இடிச்ச மாதிரிதான் தெரியும். ஓடவிட்டுக் கேட்கணும்." தங்கை தன் காதைத் தொட்டுக்காட்டினாள். "இது உதவாது. நீதான் கேட்கணும்."

அக்கா பீரோவை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். "என்னைக் கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

மறுநாள் மதியத்திலிருந்து தொடங்கினார்கள். அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள். தங்கை ஸ்பீக்கர் பெட்டியின் மரத்தில் விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டை மட்டும் கேட்டால் போதாதா என்று அக்கா கேட்டதற்கு, "எடுத்தது எடுத்தாச்சு, முழுசாவே கேளேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என்னால முடியாது இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"இவன் ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டே பாடறான்?"

"கோபம்."

"யார் மேல?"

"இதுல வீட்டு ஓனர் மேல. அடுத்த பாட்டுல போலீஸ் மேல. அதுக்கடுத்து அப்பா மேல."

"சரி, நியாயமான கோபம்தான். பாடட்டும்."

கீழே டயர் கடைக்காரர் தெருவில் நின்று அண்ணாந்து கத்தினார். "அக்கா, மேல என்ன சண்டையா?"

"பாட்டு, தம்பி!"

"பாட்டா! நம்ம கம்ப்ரசர்தான் போயிடுச்சுன்னு நான் அதைப் பிரிச்சே போட்டுட்டேன்."

தூசி அக்காவை ரொம்பப் பாடாய்ப்படுத்தியது. டிக் என்று கேட்டதும் கையைத் தூக்குவாள். "ஒழுங்கா வருதா, வந்துட்டுப் போயிடுச்சா?" என்று தங்கை கேட்பாள். "போயிடுச்சு." "அப்போ தூசி." இப்படியே நாட்கள் போயின. காலரில் கண்ணுக்குத் தெரியாத சுருக்கத்தை விரலாலேயே கண்டுபிடிக்கிற பொறுமை அக்காவுக்கு உண்டு. அதைக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். கேட்கக் கேட்க, கத்தலுக்கு அடியில் வேறு ஒன்று இருப்பது தெரிய ஆரம்பித்தது.

"இது நல்லாயிருக்குடி" என்றாள் ஒருநாள், தானாகவே.

"எது?"

"கத்தறவன் இல்ல. அடியில உருளுதே, மூட்டை மூட்டையா. அது."

தங்கை ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தாள். "அது ரெண்டு காலாலயும் உதைக்கிற டிரம். அதை அப்படியே வெட்டினா பக்கத்துக் கோட்டை உடைச்சுடும். அதனால எல்லாரும் அதைக் குறைச்சுடுவாங்க. நான் குறைக்க மாட்டேன். எங்கே உதைக்கப் போறான்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு, அது வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி கோட்டைத் தள்ளிவிடுவேன். முழுத் தட்டுக்கும் அப்படி. கை குமிழை விட்டு எடுக்கவே முடியாது, மூக்கு அரிச்சாக்கூட." சிரித்தாள். "நீதான் அக்கா இதை முதல்ல சொல்றே."

முதலில் சொல்கிற ஆள், வீட்டிலேயே இத்தனை வருஷம் தூசி தட்டிக்கொண்டிருந்த ஆள். அக்கா அடுத்த தட்டை எடுத்துத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிக் கிடைத்தது ஒரு மெட்டல் குழுவின் தட்டில். உறையில் உடைந்த பாலத்தின் படம். கடைசிப் பாட்டு அசைந்து அசைந்து போகிற நீளமான பாட்டு. அதன் வால் பகுதியில், கிதார் மட்டும் மிச்சமிருக்கிற இடத்தில், டிக். அக்கா கையைத் தூக்கினாள். மறுபடி டிக். மறுபடி. அக்கா வாயால் சொல்லவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலால் தட்டினாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். தட்டு சுற்ற சுற்ற, அக்காவின் விரல் மாறாத இடைவெளியில் விழுந்துகொண்டிருந்தது.

"இதுதான்" என்றாள் தங்கை.

லென்ஸில் பார்த்தார்கள். நட்சத்திரத்தின் ஒரு கையைக் கோடு குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்போதுதான் தங்கைக்கு முழுதும் ஞாபகம் வந்தது. அந்தக் குழுவின் தலைவன் ஒல்லியான ஆள். கடைசி நேரத்தில் பாட்டை நீட்டிக் கொண்டுவந்திருந்தான். பாக்கி இருந்தது ஒரே தட்டு, அதிலும் நட்சத்திரம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. சத்தத்தைக் குறைத்தால் கோடு மெலிந்து எல்லாம் அடங்கிவிடும். அவனிடம் கேட்டாள். "குறைச்சா அது எங்க பாட்டு இல்லக்கா" என்றான்.

"அதனால தெரிஞ்சேவா அதுமேல ஏத்தினே?"

"தெரிஞ்சேதான். பாட்டைக் குறைக்கிறதா, அவர் பேர் மேல போறதான்னு யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிக்கல."

"அவர் கேட்டிருந்தா?"

"வேலை போயிருக்கும். ஆனா அவர் கேட்க மாட்டார்னு எனக்குத் தெரியுமே. உறையைக்கூடப் பிரிக்கல."

பெட்டிக்காரர் தன் லென்ஸையே கொண்டுவந்திருந்தார். ஜன்னலோரம் நெடுநேரம் குனிந்திருந்தார். படம் எடுத்தார். பிறகு கடைசிப் பாட்டைப் போடச் சொல்லி, தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மேடம், இது நீங்கதான்."

அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். இருக்கிறதிலேயே நல்ல கோப்பைகளை எடுத்தாள். அவள் திரும்பி வரும்போது பெட்டிக்காரர் படியில் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து உள்ளே வந்தார். உட்கார்ந்தார். இந்தத் தடவை கோப்பையைத் தொடவில்லை.

"இந்தத் தட்டுக்கு உங்க பேரைப் போட்டுடலாம் மேடம். அத்தாட்சி இருக்கு. யாரும் வாயைத் திறக்க முடியாது."

"மத்ததுக்கு?" என்றாள் அக்கா.

"மத்ததுல நட்சத்திரம் சுத்தமா இருக்கேம்மா. முன்னாடி கீறினதா பின்னாடி கீறினதான்னு எதை வெச்சுச் சொல்றது? அவர் பேரை நம்பித்தான் கடைக்காரங்க எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு மேலயும் ஆட்கள் இருக்காங்க."

"எப்படிப் போடுவீங்க?" என்றாள் தங்கை.

அவர் போனைப் பார்த்து வாசித்தார். தங்கைக்கு உதடு சரியாகப் பிடிபடவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினாள். அக்கா அவளுடைய இடது காதருகே குனிந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இந்தத் தட்டின் முடிவில் கேட்கும் ஓசைப் பிழை, பெரியவர் ஊரில் இல்லாதபோது அவருடைய உதவியாளர் வெட்டியதால் நேர்ந்தது. அதுக்குக் கீழே உன் பேர்."

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பெட்டிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ ஒழுங்கா வந்ததெல்லாம் அவரு. கெட்டது மட்டும் நானா தம்பி?"

"வாசகத்தை வேணா மாத்திக்கலாம் மேடம்..."

"வாசகத்துல ஒண்ணும் தப்பில்ல. டிக் நான் போட்டதுதான். மத்ததும் நான் போட்டதுதான். ரெண்டும் சேர்த்துப் போடுங்க, இல்லேன்னா என் பேரையே விட்டுடுங்க. தட்டை எடுத்துட்டுப் போங்க, பாட்டு வரட்டும்."

அவர் தட்டுகளை எடுத்துப்போய், படியெடுத்து, ஒரு கீறல் படாமல் திருப்பிக் கொடுத்தார். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார், சொன்ன வாக்கில் அது ஒன்றைத்தான் காப்பாற்றினார். தொகுப்பில் சேராத ஒரு சிலதை அவர் தொடவே இல்லை.

அன்றைக்கு அவர் படியிறங்கியதுமே அக்கா தங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு இடத்துலயாவது பேர் வந்திருக்குமேடி. அச்சுல. கடைக்குக் கடை. வேண்டாம்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எந்த இடத்துல வந்திருக்கும், அதைச் சொல்லு."

"உனக்கு வீம்பு."

"ஆமா, வீம்புதான். என்கிட்ட வேற என்ன இருக்கு?"

அக்கா ஏற்கனவே தேய்த்து மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி தேய்த்தாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. சலவைக்கடையில் அவள் தேய்த்த சட்டைகள் மலைபோல. அத்தனையும் கடையின் பெயர் போட்ட காகிதத்தில் மடித்துப் போயின. அவள் பெயர் முதலாளியின் வாயில் வந்தது ஒரே ஒரு தடவை. காலர் ஒன்று கருகியபோது, வாடிக்கையாளர் முன்னால், சத்தமாக. கடையில் இருந்த எல்லோரும் அன்றைக்குத்தான் அவள் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

"நீ சொன்னது சரிதான்" என்றாள். தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. அக்கா சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்று மறுபடி சொன்னாள்.

பெட்டி கூரியரில் வந்தது. கனமான பெட்டி. மூடியில் வெள்ளி நிறத்தில் நட்சத்திரம், உள்ளே புத்தகம், புத்தகத்தில் வெட்டு எந்திரத்தின் முன்னால் பெரியவர். படத்தில் அவருக்குப் பின்னால் அந்த நாற்காலி காலியாக இருந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். நன்றிப் பக்கத்தின் கடைசியில், ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் என்று ஒரு வரி இருந்தது.

"இதுல அந்தப் பாலம் போட்ட தட்டைப் போடு அக்கா."

அக்கா போட்டாள். கடைசிப் பாட்டு அசைந்து அசைந்து வந்தது. கிதார் மட்டும் மிஞ்சுகிற இடம் வருவதற்கு முன்பே தங்கை மணிக்கட்டை நீட்டி அக்காவின் மடியில் வைத்துவிட்டாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தட்டு சுற்றியது. இன்னொரு சுற்று. இன்னொன்று. அக்காவின் விரல் மணிக்கட்டுக்கு மேலே தூக்கினபடியே நின்றது.

"வரலையா?"

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எடுத்துட்டாங்களா?"

"சுவடே இல்ல. துடைச்சு வெச்சிருக்காங்க."

"கம்ப்யூட்டர்ல எடுத்திருப்பாங்க. கெட்டிக்காரங்க" என்றாள் தங்கை. கையை எடுத்துக்கொண்டாள்.

பெட்டியை எங்கே வைப்பது என்று அக்கா கேட்டாள். பீரோவில் இடமில்லை என்று பதில் வந்தது. அது டயர் கடைக்காரரிடம் போயிற்று. அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், அட்டை நல்ல தடி என்று சொன்னார்.

மறுநாள் காலை அக்கா எழுந்து வரும்போது பீரோ திறந்து கிடந்தது. தங்கை தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெட்டிக்காரர் தொடாமல் விட்டுப்போன தட்டு அது. ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் கலைந்து போன ஒரு பங்க் குழு. விற்கவும் இல்லை, யாரும் தேடவும் இல்லை.

"ஏய், என்ன பண்றே? கீறிடாதே!"

"பாட்டு இருக்கிற இடத்துல இல்ல. கொஞ்சம் பிடிச்சுக்கோ, வழுக்குது."

அக்கா ஒரு துணியை நாலாக மடித்து, விளிம்பு நகராமல் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தாள். "அந்த நட்சத்திரத்தை முதல்ல அடிச்சுடேன்."

"அது இருக்கட்டும். பக்கத்துலயே எழுதறேன்."

"இதை ஏன் முதல்ல எடுத்தே?"

"இது நல்லா வந்தது."

அரக்கில் கீறுவது வெண்ணெயில் கீறுகிற மாதிரி என்று அவள் சொல்லியிருக்கிறாள். இது அச்சாகி இறுகிய தட்டு. ஊக்கு வழுக்கியது, ஒரு எழுத்தின் வளைவு கோணிப் போயிற்று. மேலேயே திரும்பத் திரும்ப இழுத்து அழுத்தினாள். மூலத்தில் கீறினால் ஆயிரம் வீட்டுக்குப் போகும். இது இந்த ஒரு தட்டோடு சரி, இந்த ஒரு பீரோவோடு சரி. அது அக்காவுக்கும் தெரியும். அதை வேறு விதமாகக் கேட்டாள்.

"யாருக்குடி காட்டப் போறே?"

"யாருக்கும் இல்ல."

"பீரோவுல இருக்கிறதெல்லாத்துலயும் போடப் போறியா?"

"எல்லாத்துலயும் இல்ல. சிலது எனக்கே பிடிக்காது. அதெல்லாம் அவரே வெச்சுக்கட்டும்."

இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். ஊதி, துகளை விரலால் தள்ளினாள். ஜன்னல் பக்கம் சாய்த்து அக்காவுக்குக் காட்டினாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். தெரிந்த பெயர்தான். என்றாலும் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள்.

"தேதி போட வேண்டாமா?"

"போடணும். வெட்டின தேதி ஞாபகம் இல்ல."

"கையெழுத்து இன்னைக்குத்தானே போடறே. இன்னைக்கு உள்ளதைப் போடு."

தங்கை ஊக்கை மறுபடி பிடித்தாள். இடம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அக்கா காலண்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சின்னச் சின்னதாகக் கீறினாள். 2019, மார்ச் 6, புதன்கிழமை.